பெரிய கோயில் கூரையில் பதினைந்து நாள்

நான் மேலே போனது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பேசிக்கொண்டிருக்கும்போது. பேசிக்கொண்டிருந்தேன் என்பதில் என்னைத் தெரிந்த யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. மேலே போனேன் என்பதில் நெடுந்துறைக்காரர்களுக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை.

என் பெயர் குற்றாலிங்கம். முப்பத்தோரு வருஷம் வானொலியில் விவசாய நிகழ்ச்சி அறிவிப்பாளராக இருந்தேன். கதவைச் சாத்திச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால் அந்த அறைக்குள் என்னைத் தவிர மற்றவர்கள் மூச்சுவிடக்கூட யோசிப்பார்கள். சாணி உரம் முதல் சந்திர கிரகணம் வரை நான் சொன்னதையெல்லாம் வயலும் தோப்பும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டன, அல்லது கேட்டுக்கொண்டதாக நான் நம்பினேன். நேயர்கள் எழுதிய கடிதங்களை நான் பெரும்பாலும் முதல் வரிக்கு மேல் படித்ததில்லை, அவர்கள் என்ன கேட்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரியுமே. ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், சிவப்பு விளக்கை மட்டும் கொடுக்கவில்லை. அதனால் என்ன, வீட்டில் என் மனைவி உலகம்மாள் இருந்தாள்.

எங்களுக்குத் தென்காசி. வருஷத்துக்கு இரண்டு ஊர் பார்ப்பது எங்கள் வழக்கம். பார்ப்பது என்றால், நான் முன்கூட்டியே நாலு புத்தகம் படித்து ஊரை வீட்டிலேயே பார்த்து முடித்துவிடுவேன். பிறகு பஸ் ஏறிப் போவது, நான் படித்தபடி ஊர் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்த்து அதை உலகம்மாளுக்கு எடுத்துச் சொல்வதற்காக. எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு ஊருடையது.

நெடுந்துறை பழைய பட்டணம். எவ்வளவு பழையது என்றால், அங்கே கிணறு தோண்டியவன் எவனுக்கும் தண்ணீர் மட்டும் கிடைத்ததில்லை. கூடவே ஒரு தாழியோ, ஒரு நங்கூரமோ, எந்தத் தேசத்து ராஜாவுடையது என்று தெரியாத ஒரு கல் மூக்கோ கிடைக்கும், அவன் அதைத் துடைத்து மாட்டுத்தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுத் தோண்டிக்கொண்டே இருப்பான். என்னென்னவோ கரை ஒதுங்கி, என்னென்னவோ கப்பலேறிப் போய், எதற்கும் வாயைப் பிளக்காத ஊர். அந்த ஊரின் கடலோரத்தில் அலைக்கு முந்நூறு அடி தள்ளி, வெள்ளை வெளேரென்று இரண்டு கோபுரத்தோடு கடற்காவல் மாதாவின் பெரிய கோயில் நிற்கிறது. அந்தக் கரையில் சர்ச் என்று சொல்ல மாட்டார்கள், கோயில் என்றுதான் சொல்வார்கள்.

காலையிலிருந்து கோட்டை வாசலைப் பற்றிப் பேசி, சமணப் படுக்கையைப் பற்றிப் பேசி, பழைய துறைமுகத்து மதிலைப் பற்றிப் பேசி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தபோது எனக்குத் தொண்டை நன்றாகச் சூடேறியிருந்தது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு அறுபதடி மேலே கப்பலைக் கவிழ்த்தது போல் வளைந்த மரக்கூரை, அது முழுக்க நீல வர்ணம், நீலத்தில் தங்க நட்சத்திரங்கள். கூரை சுவரில் வந்து சேரும் இடத்தில், சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு கல் விளிம்பு. பீடத்தில் மாதா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சிறிய பாய்மரக் கப்பலுமாக நின்றாள்.

"கொஞ்ச நேரம் சும்மா உக்காருவமா?" என்றாள் உலகம்மாள்.

"உக்காரலாம். அதுக்கு முன்னாடி மேல பாரு. அந்த நட்சத்திரம் மொத்தம் எழுநூத்தி எழுபத்தேழு. பரங்கி நாட்டுலேருந்து வந்த ஒரு தச்சன்..."

நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னேன். தச்சனைப் பற்றிச் சொன்னேன், அவன் கொண்டுவந்த வர்ணத்தைப் பற்றிச் சொன்னேன், வர்ணத்தில் கலந்த முட்டை வெள்ளைக்கருவைப் பற்றிச் சொன்னேன். நட்சத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருவதைப் பார்த்து என் கண் பார்வை தேறிவருவதாக நினைத்துக்கொண்டேன். முட்டையிலிருந்து கோழிக்கு வந்தபோது முகத்தில் ஒட்டடை பட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் மனைவி ஒரு கொத்தமல்லிக் கட்டு அளவுக்குச் சிறுத்துக் கீழே நின்றுகொண்டிருந்தாள். குனிந்ததில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"ஏங்க! கண்ணாடி!" என்று கத்தினாள். முப்பத்தாறு வருஷத்துக் குடும்பப் பெண், முதலில் உடையும் பொருளைத்தான் பார்ப்பாள். முந்தானையை விரித்துக் கண்ணாடியைப் பிடித்துவிட்டாள். அடுத்தபடியாகத்தான் மார்பில் கைவைத்து, "என்னங்க இது?" என்றாள்.

சத்தம் கேட்டுக் கோயில்பிள்ளை வந்தார். கோயிலைக் கூட்டுவது, மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் செய்கிறவர், தஸ்நேவிஸ் என்று பெயர், அறுபது வயது, இரும்புக் கம்பி போல் உடம்பு. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, அப்படியே கொஞ்சம் வலப்பக்கமா நகர முடியுமா?" என்றார். "அந்த லைட்டு ரெண்டு வருசமா எரியல. அம்புட்டு உசரத்துக்கு இங்க ஏணி கிடையாது."

இப்படித்தான் நெடுந்துறை என்னை ஏற்றுக்கொண்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கயிறு வீசி என்னை இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள், கயிற்றை விட்டதும் மறுபடி மேலே போனேன். ஒரு பெஞ்சில் கட்டிவைத்துப் பார்த்தார்கள். அன்று மாலைப் பூசை முழுக்க, கட்டை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும் கன்றுக்குட்டி போல நான் பெஞ்சுக்கு மேலே துள்ளிக்கொண்டு நின்றதில் பிள்ளைகள் சிரித்து, பாட்டு பாதியில் நின்று, மேலேயே இருப்பதுதான் மரியாதை என்று நானே கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள் உலகம்மாள். பங்குச்சாமியார் ஃபாதர் லெயோன் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கூட்டிட்டுப் போகலாம்மா. ஆனா இங்கயாவது கூரை இருக்கு. வெளிய வானம்தான் இருக்கு."

அவள் வாசல் வழியாக வானத்தைப் பார்த்தாள், பையை மறுபடி பெஞ்சில் வைத்தாள்.

அவர் என்னையும் விசாரித்தார். கையை வாயருகில் குவித்துக்கொண்டு, "மேல போகும்போது செபம் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா?" என்றார்.

"இல்ல ஃபாதர், பேசிக்கிட்டு இருந்தேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டன்னு இல்ல. பொதுவா."

ஃபாதர் தலையை ஆட்டினார். "புனிதர்கள் செபத்துல ஒரு முழம் ரெண்டு முழம் உயர்ந்திருக்காங்க. பேசி உயர்ந்த ஆளு எங்க ஏட்டுல கிடையாது. அதனால இதை அற்புதம்னு நான் மேலிடத்துக்கு எழுத மாட்டேன். ஆனா எங்க வீட்டுக்குள்ள நடந்திருக்கு. நாங்க பார்த்துக்குவோம்."

உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மேலே போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே, எனக்கு ஒரு சிலை வைப்பார்கள் என்றால் கண்ணாடியோடு வைப்பார்களா, இல்லாமலா என்று யோசித்து வைத்திருந்தேன்.

பார்த்துக்கொண்டார்கள். மணிக்கூண்டுப் படிக்கட்டிலிருந்து அந்தக் கல் விளிம்புக்கு ஒரு சிறு கதவு உண்டு. அதன் வழியாகத் தஸ்நேவிஸ் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்தார். மற்றத் தேவைகளைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன், அந்தக் கதவுக்குப் பின்னால் தாழ்ந்த கூரையுள்ள ஒரு நடையும் அதன் முடிவில் ஒரு பழைய கழிப்பறையும் இருந்தன. பல்லியைப் போலக் கூரையோடு ஊர்ந்து போய், ஊர்ந்து வந்தேன், நடுவில் நடந்ததை விவரிக்க மாட்டேன்.

மூன்றாம் நாளுக்குள் நான் ஊருக்கு ஒரு வசதியாகிவிட்டேன். பல்புகள் எல்லாவற்றையும் மாற்றினேன். யாரும் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்கிய ஒட்டடைகளை அடித்தேன். புறாக்கூடுகளைக் குஞ்சுக்குச் சேதமில்லாமல் விளிம்புக்கு மாற்றினேன். கழுவின துணி வேகமாய்க் காய வேண்டும் என்று ஒரு கன்னிகாஸ்திரி என்னிடம் கொடியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதை மட்டும் ஃபாதர் தடுத்துவிட்டார். மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, அந்த வட்டச் சன்னல் வழியா பாருங்க, தெக்க மேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்; மேகத்தைப் பற்றி நான் நாலு நிமிஷம் சொல்வதற்குள் அவர்கள் கடலில் இருந்தார்கள். வெளியூரிலிருந்து கூட்டம் வந்தது. நிமிர்ந்து பார்த்தார்கள், கழுத்து வலித்தது, முட்டாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கூட்டமும் குறைந்து, பூசைக்கு வருகிறவர்கள் மாதாவுக்கு ஒரு கும்பிடு, அந்தோணியாருக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒரு தலையசைப்பு என்று கணக்காகப் பழகிவிட்டார்கள். எந்தக் குழந்தையாவது கையை நீட்டி, "அது யாரும்மா?" என்று கேட்டால், "அது தென்காசி மாமா, சும்மா இரு" என்பார்கள்.

ஆனால் இன்னொன்று நடந்தது. மனிதர்கள் தலைக்கு மேலே இருப்பதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். நான் இருக்கிறேன் என்பதை மறந்து, மத்தியான வேளைகளில் ஒவ்வொருவராக வந்து மாதாவிடம் பேசினார்கள். மனதுக்குள் பேச மாட்டார்கள், அந்தக் கரைக்காரர்கள் அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். ஒருத்தி மாமியாருக்கு நல்ல சாவு கேட்டாள், உடனே வேண்டாம், மழைக்கு முன்னால் போதும் என்றாள். ஒருத்தன் தம்பியோடு பேசிக்கொள்வதற்கு ஒரு சாக்கு கேட்டான். கணவன் கடலில் காணாமல் போய் ஏழு வருஷமான ஒருத்தி எதுவுமே கேட்கவில்லை. "வந்தேன்" என்றாள், கொஞ்ச நேரம் இருந்தாள், "போறேன்" என்றாள். இவை ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஆலோசனை இருந்தது. முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் வாய்வரைக்கும் வந்தது. மேலிருந்து குரல் வந்தால் அவர்கள் யார் குரல் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் மட்டும்தான் விழுங்கினேன்.

இதற்கிடையில் உலகம்மாள் என்ன செய்தாள் என்றால், முதல் இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பிரகாசியம்மா வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிரகாசியம்மா கருவாட்டுக் கடைக்காரி, கோயில் பாடகர் கூட்டத்துக்குத் தலைவி, இரண்டுக்கும் ஒரே குரல்.

"அவரு எங்கயும் போயிட மாட்டாரு. நீங்க வாங்க மைனி, ஊரைப் பாப்போம்."

அன்றிலிருந்து உலகம்மாள் ஊரைப் பார்த்தாள். சாயங்காலம் வந்து எனக்குக் கீழே நின்று சொல்வாள்.

"இன்னைக்குக் கலங்கரை விளக்கம் ஏறினேங்க."

"படி நூத்திப் பதினாலு."

"நூத்தி முப்பத்தொண்ணு. எண்ணினேன்."

"புத்தகத்துல நூத்திப் பதினாலுன்னுதான் போட்டிருக்கு."

"நான் ஏறினதுல நூத்தி முப்பத்தொண்ணு."

"நீ இறங்கினதையும் சேர்த்து எண்ணியிருப்ப. உலகு, அந்தக் கலங்கரை விளக்கம் கட்டின வரலாறு என்னன்னா..." என்று அறுபதடி உயரத்திலிருந்து நான் எடுத்துவிடுவேன். செபமாலை சொல்கிறவர்கள் திரும்பி "உஸ்" என்பார்கள். அவள் உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்தபோது உப்பின் வரலாற்றைச் சொன்னேன். மீன் ஏலத்தைப் பார்த்துவிட்டு, ஏலம் கூறுகிறவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை முடித்தான் என்று சிரித்துச் சிரித்துச் சொல்ல வந்தபோது, பாதியில் நிறுத்தி, அது எந்த நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு நான்கு நாளாய் எதையும் சொல்லவில்லை, வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்பதற்கு என்னிடம் விஷயம் இருந்தபோது அவள் ஏன் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் மேலே போய்ப் பதினோரு நாள் கழிந்திருந்தது, திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. கோயிலில் யாருமில்லை. நான் பீடத்துக்கு நேர் மேலே, ஒரு நட்சத்திரத்தில் முதுகை வைத்துப் படுத்திருந்தேன். உலகம்மாள் தனியாக வந்தாள். வெயிலில் கறுத்து, காலில் மணலோடு, கிளிஞ்சல் கோத்த ஒரு மாலை கழுத்தில். அண்ணாந்து பார்க்கவில்லை. மாதாவுக்கு முன்னால் முழங்கால் போட்டாள், எங்கள் ஊர்க் கோயிலில் கும்பிடுவது போலவே தலைக்கு மேலே கையைக் குவித்தாள்.

"தாயே, நான் உன் பிள்ளை இல்ல, தெரியும்," என்றாள். "ஆனாலும் பதினோரு நாளா உன் நிழல்ல இருக்கேன். அவரு நல்லாத்தான் இருக்காரு. நல்லாச் சாப்பிடுதாரு. சத்தமும் குறையல. எனக்கு இந்த ஊர்ல இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கு. பிரகாசி மக கலியாணம் இருக்கு. வெள்ளிக்கிழமை கிளிஞ்சல் தீவுக்கு வள்ளம் போகுது. முப்பத்தாறு வருசமா எத்தனையோ ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு, குறை சொல்லக் கூடாது. ஆனா நான் ஒரு ஊரையும் பார்த்ததில்ல தாயே, கேட்டுத்தான் இருக்கேன். அதனால இன்னும் நாலு நாள், நாலே நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவரை மேலேயே வச்சுக்க. அதுக்குப் பெறகு பத்திரமா இறக்கிக் குடுத்திரு."

எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"இறக்காம விட்டுராத," என்றாள்.

போய்விட்டாள். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்படி ஒரு நிலைமை எனக்கு முன்பு வந்ததே இல்லை. வாய் தானாக மூடிக்கொண்டது, அதே நேரம் வலது கால் கட்டைவிரல் கனத்தது.

பிறகு பாதம் கனத்தது. முட்டி கனத்தது. முதுகு நட்சத்திரத்தை விட்டு ஒரு விரற்கடை இறங்கியது. பதினோரு நாளாய் நான் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். நியாயமாக நான் கையைக் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல, பூ உதிர்வது போல் போய்த் தரையில் நின்றிருக்க வேண்டும். நானோ கூரை மரத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்துக்குச் சட்டம் தாவி, எடை ஏற ஏற, எழுபத்தெட்டுக் கிலோவும் முழுசாக வந்து சேருகிற கணத்தில் கல் விளிம்பில் வயிறு மோதி விழுந்து, அதைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இதுவரை எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது மாதாவிடம்தான், மாதா ஏதோ அவசரத்தில் கேட்டதற்கு எதிர்மாறாகச் செய்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

ராத்திரிச் சாப்பாட்டோடு வந்த தஸ்நேவிஸ், கதவில் நின்றபடி என்னையே பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு வேர்க்குது. பதினோரு நாளா வேர்க்கலையே."

சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன், அதுவே அவருக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"அப்ப எறங்கிருங்க. இந்தா படி இருக்கு."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எறங்குதேன்."

"விழுந்தா பொழைக்க மாட்டிய."

"தெரியும். எனக்கு உசரம்னாலே ஆகாது. வீட்டுல பரண்ல ஏறக்கூட அவதான்."

அவர் போய், பழைய மணிக்கயிற்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையை விளக்குக் கொக்கியிலும் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "ஒரு பொம்பள கேட்டு மாதா குடுக்கலைன்னு ஆயிரக் கூடாது பாருங்க," என்றார்.

மிதந்தபோது எனக்கு இல்லாத பயம் எல்லாம் அந்த ஒன்றரை அடிக் கல்லில் வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கண்ணைத் திறந்தால் தரை சுழன்றது, மூடினால் கல் சாய்ந்தது. தூங்கவில்லை. பகலில் யாராவது அண்ணாந்து பார்த்தால், மிதக்கிறவனின் அலட்சியத்தோடு ஒரு காலைத் தூக்கிக் காட்டுவேன். தூக்கிய கால் ஆடாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். பேச்சு வரவில்லை, பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர் அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டது. பேசாத மூன்றே நாளில் என் மதிப்பு ஏறியதைப் போல் பேசிய முப்பத்தோரு வருஷத்தில் ஏறவில்லை. ஒரு கிழவர் எனக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்து, ஃபாதர் அவரை அந்தோணியார் பக்கம் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

புதன்கிழமை காலை கலியாணம். பிரகாசியம்மாவின் மகள் ஜெனோவா, போன வாரமே என்னிடம் அண்ணாந்து கேட்டு வைத்திருந்தாள்: "மாமா, நாங்க மோதிரம் மாத்தும்போது நீங்க எங்க தலைக்கு நேர் மேல வந்து பூப்போடணும், சரியா?" நானும் பெருமையாகத் தலையாட்டியிருந்தேன். இப்போது பீடத்துக்கு நேர் மேலே போவதென்றால், விளிம்பில் எழுந்து நின்று, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, இருபதடி நடக்க வேண்டும். கயிறு பன்னிரண்டு அடிதான் வரும்.

தஸ்நேவிஸ் கதவிடுக்கில் நின்று, "வேண்டாம், அண்ணாச்சி, இங்கருந்தே வீசுங்க," என்றார். கீழே பார்த்தேன். பாடகர் வரிசையில் பிரகாசியம்மாவுக்குப் பக்கத்தில் உலகம்மாள், அரக்குச் சேலை கட்டிக்கொண்டு, கையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள். பாடினாள். என் மனைவிக்குப் பாட வரும் என்பது எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷமாக நான் பேசிய பேச்சில் அது எந்த இடைவெளியிலும் விழவில்லை.

கயிற்றை அவிழ்த்தேன். பூக்கூடையை ஒரு கையில் கோத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல், தரையைப் பார்க்காமல், அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு ஓரடி ஓரடியாக நகர்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றி முடிந்து, மாப்பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். பரவாயில்லை என்று கூடையைக் கவிழ்த்தேன். பூவில் பாதி ஃபாதர் தலையில் விழுந்தது. ஜெனோவா நிமிர்ந்து கையசைத்தாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். உலகம்மாளும் நிமிர்ந்தாள். சுவரோடு ஒட்டி, கல்லில் இரண்டு பாதமும் ஊன்றி நின்ற என்னை அவள் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு புத்தகத்தைத் திருப்பி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவளும் பிரகாசியம்மாவும் இன்னும் ஆறேழு பெண்களும் கிளிஞ்சல் தீவுக்கு வள்ளத்தில் போனதை வட்டச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்குமேல் கச்சான் காற்று எழும்பிவிடும் என்று தஸ்நேவிஸ் சொல்லியிருந்தார். பத்தாயிற்று. வரவில்லை. பத்தரைக்குக் காற்று எழும்பியது, நட்சத்திரக் கூரையின் மரமெல்லாம் முனகியது, கடல் கறுத்து நுரை நுரையாக உடைந்தது. சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். தீவு தெரிந்தது. தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. கச்சான் காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது, எந்தத் திசை, எந்த மாசம், எவ்வளவு வேகம். எல்லாம் தெரிந்திருந்தது, ஒன்றும் உதவவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சிறு கதவு வழியாகப் படிக்கட்டில் இறங்கினேன். இறங்கினேன் என்ன, உருண்டேன். கோயில் நடுவில் பழக்கதோஷத்தில் அண்ணாந்து தலையசைத்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கு நடுவே புகுந்து ஓடினேன். "மேல காணலையே" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பதினைந்து நாளாக மண்ணை மிதிக்காத கால், சுடுமணலில் குழந்தையைப் போல் தடுமாறியது. முழங்கால் தண்ணீரில் போய் நின்று, "உலகு! உலகு!" என்று கத்தினேன். முப்பத்தோரு வருஷம் ஒலிபரப்பான குரல். காற்று அதை வாங்கி என் முகத்திலேயே எறிந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. உப்பு முகத்தில் காய்ந்தது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். என் கால் தரையில் இருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவர்களில் ஒருவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "அந்தா வருது" என்றார்.

வள்ளம் அலையில் ஏறி மறைந்து ஏறி மறைந்து வந்தது. என்ஜின் நின்றுபோய்விட்டதாம். பெண்கள் சேலை இரண்டை முடிந்து பாய் கட்டியிருந்தார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். உலகம்மாள் முன்முனையில் உட்கார்ந்து, தலையெல்லாம் நனைந்து, பாயின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் பார்த்ததிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்த உலகம்மாள் அதுதான்.

வள்ளம் தரை தட்டியது. அவள் குதித்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்ற என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எனக்கு நூறு வார்த்தை இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை, பதிலுக்காகக் கேட்டதும்கூட.

அவள் சூரியனைப் பார்த்தாள். உச்சிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"சாயங்காலம் வரைக்கும்னுதானே கேட்டேன். அரை நாள் குறையுதே."

நான் என் வேட்டி நுனியைப் பிழிந்தேன்.

"தஸ்நேவிஸ் மறுநாளே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. புதன்கிழமை நீங்க கயிறு இல்லாம நடந்தப்ப எனக்குப் பாட்டு ரெண்டு வரி விட்டுப்போச்சு," என்றாள். "இந்த வயசுக்கு அதெல்லாம் தேவையா?" என் இடுப்பில் கயிறு அறுத்திருந்த தடத்தைச் சட்டைக்கு மேலேயே ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிரகாசியம்மா பக்கம் திரும்பி, "இன்னும் சங்கு சேத்து வைக்கிற அந்தப் பழைய கிட்டங்கி பாக்கி இருக்குல்லா மைனி?" என்றாள்.

"இருக்கு மைனி, போவோம். அவரும் வாராரா?"

உலகம்மாள் யோசித்தாள். கரையோரத்தில் வள்ளம் கட்டுகிற ஒரு கறுப்புக் கல்லைக் காட்டினாள்.

"அதுல உக்காருங்க. மிச்ச அரை நாளையும் கழிச்சிருங்க. நான் பார்த்துட்டு வந்து சொல்லுதேன்."

என் மூக்குக்கண்ணாடியை இடுப்பிலிருந்து எடுத்துத் துடைத்து எனக்கு மாட்டிவிட்டு, பெண்களோடு போய்விட்டாள். சிரிப்புச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. நான் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கல் நன்றாகச் சுட்டது. நான் எழுந்திருக்கவில்லை.